ஆயிரத்து நூறுக்கு முன்னால்

திருப்பூர் நெருப்பெரிச்சலில், மண்பாத்திரம் செய்கிற எங்கள் பாட்டரி ஸ்டுடியோவில் உறுப்பினர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் பனியன்காரர்கள். நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஏதாவது ஒன்றில் முதுகொடிந்த பிறகு, "கொஞ்சம் மனசுக்குப் பிடிச்சதைப் பண்ணுங்க" என்று டாக்டர் சொன்னதால் களிமண் பிசைய வந்தவர்கள். ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பது போலத் தேய்த்துப் பார்ப்போம். காய்ந்தால் மண் எத்தனை சதவீதம் சுருங்கும் என்பது எங்களுக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. சுருக்கம் எங்களுக்குச் சோறு போட்ட கணக்கு. சூடுதான் விளங்கவில்லை. துணி உலகத்தில் நூற்றறுபது டிகிரி என்றாலே பெரிய சூடு. அதற்கு மேல் ஆயிரம் என்றாலும் ஆயிரத்து இருநூறு என்றாலும் எங்கள் காதுக்கு ஒன்றுதான்.

நான் அருள்செல்வன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்குப் பணிவாக மெயில் அனுப்பிவிட்டு, அதே வாயால் டையிங்காரரிடம் கத்துகிற வேலை. எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இருந்தாலும் இது என்னைப் பற்றியதல்ல, ஜஹானாராவைப் பற்றியது. நடுவில் நான் வந்து நிற்பது என் தலையெழுத்து.

ஜஹானாராவுக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்தது தாராபுரம். பத்தொன்பது வயதில் அப்துல்லாவைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். வந்த மறு மாதமே பனியன் வேஸ்ட் குடோனில் சேர்ந்தார். கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். தரையில் மலையாகக் கொட்டி, அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். வெள்ளை ஒரு பக்கம், லைட் ஒரு பக்கம், டார்க் ஒரு பக்கம். கண் பார்க்கும் முன் கை பிரித்துவிடும் என்பார் ஜஹானாரா. இருபத்திரண்டு வருடம் அப்படிப் பிரித்தார். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கியது. படியேறினால் மூச்சு நின்றது, படுத்தால் இருமல் வந்தது. இனிமேல் அந்தக் குடோனுக்குள் கால் வைத்தால் அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் கோபமாகச் சொன்ன பிறகுதான் நின்றார். அப்துல்லா ஓட்டுகிற லோடு ஆட்டோவை மட்டும் நம்பி, கல்லூரியில் படிக்கிற மகள் ரிஃபானாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான்.

அப்போதுதான் ஜனனி கூப்பிட்டாள். ஜனனி இந்த ஸ்டுடியோவின் சொந்தக்காரி, முப்பத்திரண்டு வயது. அவள் அப்பாவின் நிட்டிங் மிஷின்கள் ஓடிய ஷெட்டில் மிஷினை விற்றுவிட்டு ஆறு சக்கரமும் ஒரு பெரிய மின்சூளையும் சோதனைக்கு ஒரு சின்னச் சூளையும் வாங்கிப் போட்டிருந்தாள். கூட்டிப் பெருக்க ஆள் தேவைப்பட்டது. களிமண் ஈரமாக இருந்தால் தூசி கிடையாது. காய்ந்த மண்ணை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது ஸ்டுடியோ விதி. அந்த விதியை ஜனனியை விட ஜஹானாரா கறாராகக் காப்பாற்றினார். யாராவது காய்ந்த மேசையை ஊதினால் போதும், எங்கிருந்தாலும் ஜஹானாராவின் சத்தம் வரும். மூன்று வருடத்தில் அவர் இருமி நான் கேட்கவில்லை. அந்த வேலை அவருக்குச் சம்பளம் மட்டுமல்ல, மூச்சு.

பெருக்க வந்தவர் ஆறே மாதத்தில் சூளை அடுக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் சூளை ரூமின் சாவி அவர் கைக்கு வந்தது. சூளை எரிகிற நாளில் அரை மணிக்கு ஒரு தடவை டிஸ்ப்ளேயில் தெரிகிற எண்ணைக் குறித்து வைப்பார். எங்களில் யாருக்கும் விளங்காத சூடு அவருக்கு விளங்கியது. கேட்டால், "நாலு தடவை தப்பாச் சுட்டதைக் கையில எடுத்துப் பாத்தா தெரிஞ்சு போயிருதுங்க" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

இங்கே மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வெள்ளை மண்ணும் உண்டு, பழுப்பு மண்ணும் உண்டு. பழுப்பில் இரண்டு வகை. ஒன்று தாராபுரம் பக்கத்துக் குளத்திலிருந்து வருகிற ஊர் மண். ஆயிரம் டிகிரி வரை சமர்த்தாக நிற்கும். ஆயிரத்து நூறைத் தாண்டினால் இளகி, பொங்கி, கடைசியில் பாகாக வழிந்துவிடும். இன்னொன்று வெளியூரிலிருந்து பையில் வருகிற மண். அது ஆயிரத்து இருநூற்று இருபது வரை போனால்தான் இறுகும். ஈரமாக இருக்கும்போது இரண்டும் ஒரே பழுப்பு, பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. எந்தப் பாத்திரமும் இரண்டு தடவை சூளைக்குப் போகும். முதல் தடவை ஆயிரத்துக்குக் கீழே. அதில் இரண்டு மண்ணும் பிழைத்துக்கொள்ளும். பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பூசி இரண்டாம் தடவை. பை மண் என்றால் அப்போது ஆயிரத்து இருநூற்று இருபது. தப்பு செய்திருந்தால் அன்றைக்குத்தான் தெரியும்.

சக்கரத்தில் மிஞ்சுகிற கழிவு மண்ணை நாங்கள் வீசுவதில்லை. வாளியில் ஊறப் போட்டு, பிசைந்து, மறுபடி பையில் கட்டி வைப்போம். எந்த மண்ணுக்கு எந்த வாளி என்று ஜனனி சீட்டு ஒட்டியிருந்தாள்.

போன சித்திரையில் ஜனனி ஒரு பயிற்சிக்காக ஆறு வாரம் வெளியூர் போனாள். ஸ்டுடியோவை என் பொறுப்பில் விட்டுப் போனாள். அவள் போன இரண்டாம் நாள் ஜஹானாரா என்னிடம் வந்தார். நான் போனில் யாரிடமோ பழைய கம்பெனி விவகாரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"சார், வாளியில ஒட்டுன சீட்டு நனைஞ்சு உரிஞ்சு போச்சுங்க. எது எதுக்குன்னு மேடத்துகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

"இதுக்கெல்லாம் எதுக்குங்க போன்? வெள்ளையை ஒரு வாளியில போடுங்க, டார்க்கை ஒரு வாளியில போடுங்க. குடோன்ல பண்ணுவீங்கல்ல, அதே மாதிரிதான்."

"டார்க்குல ரெண்டு மண்ணு இருக்குதுங்களே சார்?"

"சுட்டா எல்லாம் ஒண்ணுதாங்க" என்றேன் நான். சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினேன்.

பொறுப்பில் இருக்கிறவன் சொன்னான், அவர் செய்தார். ஆறு வாரத்தில் மூன்று பை பழுப்பு மண் சேர்ந்தது. ஜனனி திரும்பி வந்து வாளிகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டினாள். கட்டி வைத்த பைகளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

ஜஹானாரா இல்லாத ஒரு நேரத்தில் அந்த மூன்று பையையும் தனபால் எடுத்தார். தனபால் பிரிண்டிங் யூனிட்காரர், எங்களிலேயே வேகமான கை. புதிதாக ஒரு யூனிட் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா வைத்திருந்தார். விழாவுக்கு வருகிற, சரக்கு வாங்கும் பையர்களுக்குத் தன் கையால் செய்த கிண்ணம் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வெளியூர்ப் பை மண் ஸ்டாக் தீர்ந்திருந்ததால் அந்தக் கழிவு மண்ணில் நாற்பத்தெட்டு கிண்ணம் செய்தார். முதல் சூளையில் ஒன்றும் ஆகவில்லை. தவறி விழுந்து ஒரு கிண்ணம் மட்டும் உடைந்தது. மீதி நாற்பத்தேழும் பூச்சு பூசப்பட்டு, செவ்வாய்க்கிழமை சூளையின் மேல்தட்டுகளில் ஏறின. கீழ்த்தட்டுகளில் மற்ற எல்லாருடைய பாத்திரங்களும்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஜனனி சூளையைப் போட்டாள். ஒரு மணிக்கு அவள் சோமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கக் கிளம்பினாள். சூளை ரூம் கதவில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை தொங்கும். எரிகிற சூளையை ஜனனியைத் தவிர யாரும் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அன்றோடு வெளியே. முன்பு ஒரு உறுப்பினர் அப்படி நிறுத்தி ஒரு மாத வேலை வீணானதால் வந்த விதி அது. ஷெட்டில் நானும் ஜஹானாராவும் மட்டும் இருந்தோம்.

இரண்டு நாற்பதுக்கு அவர் ஈரத்துணியோடு அலமாரிக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த கிண்ணத்தின் துண்டு ஒன்று கையில் அகப்பட்டது. வீசப் போனவர் நின்றார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

உடைந்த விளிம்பில் வரிவரியாக இரண்டு நிறம். ஒன்று செங்கல் சிவப்பு, ஒன்று வெளிறிய பழுப்பு. ஈரத்தில் ஒன்றாகத் தெரிந்தது, ஒரு தடவை சுட்டதும் பிரிந்து தெரிந்தது. இரண்டு நிறப் பஞ்சைக் கலந்து நூற்ற மெலஞ்ச் துணி போல இருந்தது.

"ரெண்டு மண்ணும் கலந்திருக்குதுங்க" என்றார் ஜஹானாரா. அவர் குரல் சின்னதாகிவிட்டது. "இது தனபால் சாரு கிண்ணமுங்க. உள்ள இதே மண்ணுல நாப்பத்தேழு இருக்குது."

என் கையிலிருந்த மண் சக்கரத்திலேயே சாய்ந்தது. போனில் பேசிக்கொண்டே நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போது நினைவுக்கு வந்தது. டார்க்கை ஒரு வாளியில போடுங்க.  டிஸ்ப்ளே ஆயிரத்து நான்கு காட்டியது.

நிமிடத்துக்கு இரண்டரை டிகிரி ஏறுகிறது. ஆயிரத்து நூறுக்கு நாற்பது நிமிடம் கூட இல்லை. அதைத் தாண்டினால் கிண்ணங்கள் இளகும். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வழியும். பதினான்கு பேருடைய பாத்திரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவரைச் சுற்றி ஓடுகிற கம்பிச்சுருளில் பட்டால் சூளையே போய்விடும். சூளை போனால் ஸ்டுடியோ இல்லை. ஸ்டுடியோ இல்லையென்றால் எனக்குப் பொழுதுபோக்கு போகும், ஜஹானாராவுக்கு எது போகும் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஜனனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"மேடம், சூளையை நிறுத்தோணுமுங்க" என்றார் ஜஹானாரா. "தனபால் சாரு கிண்ணத்துல ஊர் மண்ணு கலந்திருக்குது."

"அதெப்படிங்கக்கா கலக்கும்? வாளிக்கு வாளி சீட்டு ஒட்டியிருக்கே?"

"நீங்க ஊருக்குப் போனப்ப சீட்டு உரிஞ்சு போச்சுங்க. நான் கலரைப் பாத்துப் போட்டுட்டனுங்க."

"கலரைப் பாத்தா? யாருங்க்கா அப்படிப் போடச் சொன்னது?"

 ஜஹானாரா என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு துண்டு விழுந்திருந்தா ஒண்ணும் ஆகாதுங்க்கா. ஒரு உடைஞ்ச சில்லைப் பாத்துட்டு பயந்துக்கறீங்க. அருள் சார், அப்ப நீங்கதானே இருந்தீங்க? நெசமாலுமே மொத்தமாவா கலந்தாங்க?"

இதுதான் அந்தக் கேள்வி. ஆமாம், நான்தான் சொன்னேன், ஆறு வாரமும் அப்படித்தான் போட்டோம், மூன்று பை மண்ணும் கலப்படம் என்று நான் சொன்னால் ஜனனி அந்த நொடியே நிறுத்தச் சொல்லியிருப்பாள். வாயைத் திறந்தேன்.

"எனக்குச் சரியாத் தெரியலீங்க ஜனனி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம் ஒன்று. அதைவிட, இருபத்தாறு வருடப் பழக்கம். தப்பு நடந்தால் முதலில் தன் மெயிலில் அது இல்லை என்று பார்த்துக்கொள்கிற பழக்கம்.

"அப்ப விடுங்க. யாரும் தொட வேண்டாம். நான் இப்பவே கிளம்பறேன்" என்று ஜனனி வைத்துவிட்டாள். சோமனூரிலிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். டிஸ்ப்ளே ஆயிரத்து இருபத்தாறு.

ஜஹானாரா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு சூளை ரூமுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துத் தனபாலின் கார் வாசலில் வந்து நின்றது.

கிண்ணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, வெளையாடறயா? வெள்ளிக்கெழமை பங்ஷன். என்ற யூனிட்டுல பிரிண்டு காய வெக்கிற க்யூரிங் மிஷின்ல நூத்தறுபதுன்னு வெச்சா நூத்தறுபதுதான். பாதியில நிறுத்துனா லாட்டே போச்சு. தெரியுமா?"

"இது அப்படி இல்லீங்க சார்" என்றார் ஜஹானாரா. "இப்ப நிறுத்துனா கிண்ணம் கிண்ணமாவே இருக்குமுங்க. பூச்சு மட்டும் உருகாது. கலப்படம் இல்லாததை மறுபடி வெச்சுக்கலாம். தாண்டிப் போச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"ஜனனி என்ன சொல்லுச்சு?"

"தொட வேண்டாம்னு சொன்னாங்க."

"அப்பறமென்ன?" தனபால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சூளை சுவிட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டார். "அருளு, நீங்களாவது சொல்லுங்க."

நான் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். ஆயிரத்து ஐம்பது. சூளை ரூமில் அனல் அடித்தது. எட்டிப் பார்க்கிற ஓட்டை வழியாக உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. ஜஹானாரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதில் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறன். கொஞ்சம் எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன்."

ஆயிரத்து அறுபத்தெட்டு. நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எழுபது வரட்டும் என்று நினைத்தேன். எழுபது வந்தது. எண்பது வரட்டும் என்று நினைத்தேன். மனிதனுக்கு இவ்வளவு கேவலமாகவும் எண்ணத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜஹானாரா சூளையை விட்டுத் திரும்பினார். அறையை விட்டு வெளியே போனார். அழப் போகிறார் என்று நான் நினைத்தேன். தனபாலும் அப்படித்தான் நினைத்திருப்பார், "போகட்டும் விடுங்க" என்றார். ஜஹானாரா ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் மீட்டர் பெட்டிக்குப் போய், ஷெட்டுக்கே உரிய மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

ஃபேன் நின்றது. என் சக்கரம் நின்றது. சூளையின் உறுமல் நின்று, டிஸ்ப்ளே கறுப்பானது. நான் கடைசியாகப் பார்த்த எண் ஆயிரத்து எண்பத்தேழு.

தனபால் கத்தியதை எழுத வேண்டியதில்லை. அவர் மீட்டர் பெட்டிக்கு ஓடினார். ஜஹானாரா அதற்கு முன்னால் நின்றார். அவ்வளவு சின்ன உருவம். தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நகராமல் நின்றார். ஒரு பெண்ணைத் தொட்டுத் தள்ளுகிற ஆள் இல்லை தனபால். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும் ஜனனிக்குப் போன் போட்டார்.

ஜனனி வந்தபோது மணி மூன்று ஐம்பது. சூளை சுவிட்சை அணைத்துவிட்டு மெயினை ஏற்றினாள்; டிஸ்ப்ளே தொள்ளாயிரத்துக்குக் கீழே காட்டியது. பாதியில் நின்ற சூளையை ஆறவிட்டுத் திறந்து பார்க்காமல் அவள் மறுபடி போட மாட்டாள். அவள் முகத்தில் கோபத்தை விட அயர்ச்சிதான் இருந்தது.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க்கா" என்றாள். "தொட வேண்டாம்னு நான் சொன்னப்பறமும் பண்ணியிருக்கீங்க. சாவியை வெச்சுட்டுப் போயிருங்க."

ஜஹானாரா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் அந்த உடைந்த துண்டையும் வைத்தார்.

"இதைச் சின்னச் சூளையில வெச்சு ஒரு தடவை சுட்டுப் பாருங்க மேடம்" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். நான் அப்போதும் என் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பெரிய மனிதன் என்று மரியாதை வைத்து, பழியைத் தானே சுமந்துகொண்டார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக் கண்கூடக் கலங்கியது.

புதன்கிழமை காலையில் ஜனனி அந்தத் துண்டைச் சோதனைச் சூளையில் வைத்தாள். அது தலையணை அளவுச் சின்னப் பெட்டி, மூன்று மணி நேரத்தில் ஆயிரத்து இருநூற்று இருபதைத் தொட்டுவிடும். ஆறியதும் மதியம் திறந்தாள். துண்டு இல்லை. அடியில் வைத்த ஓட்டின் மேல் கறுப்பாக, குமிழ் குமிழாகப் பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து இறுகிய ஒரு பசை இருந்தது. ஓட்டைத் திருப்பித் தட்டினாலும் விழவில்லை. தனபால் அதைப் பார்த்தார். பெரிய சூளையைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"மூணு பையுமா இப்படி?" என்றாள் ஜனனி. "அக்கா இப்படிப் பண்ணவே மாட்டாங்களே. ஒண்ணு தெரியலைன்னா பத்துத் தடவை கேப்பாங்களே."

"கேட்டாங்க" என்றேன் நான். "எங்கிட்டக் கேட்டாங்க. நான்தான் கலரைப் பாத்துப் போடச் சொன்னேன். சுட்டா எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னேன்."

ஜனனி என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பா வயது எனக்கு. "நேத்து உங்ககிட்ட நான் கேட்டேனே சார்" என்றாள், அவ்வளவுதான். பிறகு, "அக்கா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வீட்டில் ரிஃபானா மட்டும் இருந்தாள். கதவைப் பாதி திறந்து, "அம்மா காலைலயே குடோனுக்குப் போயிட்டாங்க சார்" என்றாள்.

"எந்தக் குடோனுக்கு?"

"பழைய குடோனுக்குத்தாங்க."

 வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். குடோன் வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் பஞ்சு ஏறியது. உள்ளே குழல் விளக்கு வெளிச்சத்தில் தூசி புகையாக நின்றது. துணிமலையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டியிருந்ததால் யார் யாரென்று தெரியவில்லை. இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மூன்று வருடம் நான் கேட்காத இருமல்.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அவர் கை நிற்கவில்லை. வெள்ளை, லைட், டார்க்.

"சோதனைச் சூளையில வெச்சுப் பாத்தோமுங்க. நீங்க சொன்னதுதான் சரி. மொத்தமா உருகிப் போச்சு."

"அப்படீங்களா? மத்தவங்க பாத்திரமெல்லாம் தப்புச்சுதுங்களா?"

"எல்லாம் தப்புச்சுது." பிறகு அதையும் சொன்னேன். "நான்தான் கலரைப் பாத்துப் போடச் சொன்னேன்னு ஜனனிகிட்டச் சொல்லிட்டேனுங்க."

"எப்பங்க சொன்னீங்க?"

"இன்னைக்கு மத்தியானம்."

"உருகுனதைப் பாத்தப்பறமுங்களா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு இருமல் வந்து போகும் வரை காத்திருந்தார். ராத்திரி முழுக்க நான் மனதில் வைத்து உருகிக்கொண்டிருந்ததை அப்போது கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"நேத்து ஜனனி யாரு சொன்னதுன்னு கேட்டப்ப, நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாமே. எனக்காக ஏனுங்க பழியை ஏத்துக்கிட்டீங்க?"

ஜஹானாராவின் கை முதல் தடவையாக நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"உங்களுக்காக எதுக்குங்க சார் நான் ஏத்துக்கறேன்? உங்க பேரைச் சொன்னா நீங்க இல்லைன்னுவீங்க. மேடம் உங்களைத்தான் நம்புவாங்க. மண்ணைக் கலந்தவன்னு ஒரு பேரு பத்தாதுன்னு பொய் சொல்றவன்னும் ஒரு பேரு வரும். பொய் சொல்றவ நிறுத்துங்கன்னு சொன்னா யாருங்க நிறுத்துவாங்க? எனக்கு அப்ப சூளை நிக்கோணும். அதான் விட்டுட்டனுங்க."

நான் அப்படி இல்லையென்று சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரை வைத்துக்கொண்டே, எனக்குச் சரியாத் தெரியலீங்க என்று சொன்னவன் நான். 

"ஜனனி உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சுங்க" என்றேன். "சாவி அங்கயே மேசை மேலதான் இருக்குது. இப்பவே வாங்க. இந்தத் தூசியில நீங்க உக்காரக் கூடாது."

"மேடம் சொல்லட்டுமுங்க, வரேன். உங்க வார்த்தையை நம்பி எந்திரிச்சு வர மாட்டனுங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். தண்ணீர் கொதிக்க எத்தனை டிகிரி என்று சொல்வது போலச் சொன்னார். பக்கத்திலிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே அந்தத் துணிமலைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

போனை எடுத்து ஜனனிக்குப் போட்டேன். "நான் சொன்னா அவங்க வர மாட்டாங்க. நீங்களே பேசுங்க" என்று சொல்லிப் போனை அவர் பக்கம் நீட்டினேன். ஜஹானாரா முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கிக் காதில் வைத்தார்.